வாசலில் யாரோ கட்டிய கிழங்கு

பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். கேட்டில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

மாசி மாதத்துப் பனி. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. முதலில் துணிப்பை என்றுதான் நினைத்தேன். என் மனைவி செல்வி தையல் கடை வைத்திருப்பவள். கடை திறக்கும் வரை பொறுக்காத பெண்கள் துணியைப் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவது உண்டு. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கிட்டே போனேன்.

பை இல்லை. கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு பொருள். பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு அளவு இருக்கும். மேலெல்லாம் மஞ்சள் பூசி, அங்கங்கே குங்குமம் வைத்திருந்தது. பனியில் குங்குமம் கரைந்து கேட்டுக் கம்பியில் வழிந்து, கீழே முந்தின நாள் கோலத்தின் மேல் சொட்டியிருந்தது. அடிப்பக்கத்தில் மயிர் மயிராக எதுவோ தொங்கியது.

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. செய்வினை என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் அதேதான் தோன்றியது.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வீரம் தெரியும். கோர்ட்டில் டவாலி உரக்கக் கூப்பிட்டாலே, அது என் பெயராக இருக்குமோ என்று பதறுகிற வக்கீல் குமாஸ்தா நான். அதோடு, மதுரை டவுனுக்குள் மாசி வீதிச் சந்து ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பிறகுதான் செல்வியின் ஊரான, வாடிப்பட்டிப் பக்கத்துப் பேரூராட்சிக்குக் குடிவந்தேன். இந்தப் பக்கத்து மரம் செடி கொடி எதுவும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்று வேட்புமனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்குள் செல்வி பேரூராட்சி ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாங்கள் பழையபடி சாதாரணக் குடும்பம். போடாவிட்டால், எங்கள் வார்டில் இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்து நிற்கிற ஒரே சுயேச்சை அவள்.

அப்படிப்பட்ட காலையில் இப்படி ஒன்று வாசலில் தொங்கினால் யார்தான் என்ன நினைப்பார்கள்?

கையால் தொடக்கூடாது என்று எங்கோ கேட்ட ஞாபகம். துணி காயப்போடும் கம்பால் கயிற்றை நெம்பி அவிழ்த்து, நேற்றைய பேப்பரில் விழவைத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எறிந்தேன். அது உடனே முழுகவில்லை. கொஞ்சதூரம் என்னைப் பார்த்தபடியே மிதந்துபோனது.

திரும்பி வந்து கேட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்வி எழுந்து வந்தாள்.

“ஏங்க, காலங்காத்தால கேட்டப் போட்டுக் கழுவுறீங்க?”

“காக்கா எச்சம் போட்டிருச்சு.”

“இம்புட்டுத் தண்ணிக்கா? யான ஏதும் போட்டுச்சா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவளிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். என் பயத்தையே எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

விளையாட்டாய்ச் சொன்னது

அவள் எப்படித் தேர்தலில் நிற்கப் போனாள் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வார்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. குடிதண்ணீர்க் குழாய் மெயின் ரோட்டிலிருந்து கிளம்பி, எங்கள் தெருவைத் தாண்டி, மண்டபத்துக்குள் போய் முடிந்துவிடும். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் காலனி. அந்தக் காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள். இன்றைக்கு அங்கே நர்ஸ் இருக்கிறார், எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், சொந்தமாக ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குழாய் மட்டும் இல்லை. அங்கிருந்து பெண்கள் குடத்தோடு எங்கள் தெருவுக்கு வந்து காத்துக்கிடப்பார்கள்.

மண்டபம் ராசு மச்சானுடையது. மச்சான் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றில் முக்கியப் புள்ளி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். நான் இன்றும் அதே தெருவில்தான் குடியிருக்கிறேன்.

ஒரு நாள் அவர் தையல் கடைப் பக்கம் வந்தபோது செல்வி கேட்டாள்: “அண்ணே, அந்தக் கொழாயக் காலனி வரைக்கும் இழுத்து விட்டா என்னண்ணே? எம்புட்டுத் தூரம் அது?”

அவர் சிரித்தார். “அம்புட்டு அக்கறைன்னா நீயே நின்னு, செயிச்சு, போட்டுக்கிற வேண்டியதுதான தங்கச்சி. வார்டும் பொம்பளைக வார்டாத்தான் வருதாம்.”

கடையில் இருந்த நாலைந்து பெண்களும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, “நின்னா தப்பில்லைல்லண்ணே?” என்று கேட்டாள். அவர் அதற்கும் சிரித்தார். அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்பது அந்தக் கடையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

மச்சானின் கட்சி அவருடைய மனைவி மீனாவை நிறுத்தியது. வார்டு பெண்களுக்கு என்றானதும் வீட்டிலிருக்கும் பெண்ணை நிறுத்துவது இங்கே வழக்கம்தான். போஸ்டரில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றவர் ராசு மச்சான். வேட்பாளர் மீனா, மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்தாள். இன்னொரு பெரிய கட்சியும் அப்படியே ஒரு மனைவியை நிறுத்தியது. அந்தக் கட்சிக்காரர்கள் எங்களைப் பயமுறுத்தவெல்லாம் இல்லை. ஆளாகவே மதிக்கவில்லை.

செல்வி மனுத்தாக்கல் செய்த மறுநாளிலிருந்து கடைக்கு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இரண்டு கட்சி மகளிர் அணிக்கும் கட்சிக் கரை போட்ட ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் இவள்தான். பாதி வெட்டியது, கை மட்டும் தைத்தது, எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். “அவசரமில்ல செல்வி, பெறகு தச்சுக்கிறோம்” என்றார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கொடிக்கயிற்றில் ஒரே ஒரு துணி மட்டும் மிஞ்சியது. மாம்பழ நிறம். அது மீனாவுடையது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று நினைத்தோம்.

தாம்பாளத்தோடு வந்தார்கள்

வாபசுக்கு முந்தின நாள் சாயங்காலம் ராசு மச்சான் வீட்டுக்கு வந்தார். பின்னால் மீனா, கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப் பூ. பெண் கேட்டு வருகிற மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்தில் தாம்பாளத்தோடு ஒருவர் வந்துவிட்டால் கதவைச் சாத்த முடியாது. உட்காரவைக்க வேண்டும். காப்பி கொடுக்க வேண்டும். மறுக்கிற வார்த்தையைக்கூட மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். மச்சான் அதைத் தெரிந்துதான் வந்திருந்தார்.

“என்ன மாப்ள, நல்லாருக்கீகளா?” என்று என் தோளில் கைபோட்டார். ஊர்க்காரப் பெண்ணைக் கட்டியதால் ஊரில் பாதிப் பேர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கூப்பிட்டால் சந்தோஷமாக இருக்கும்.

“நாஞ் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். தங்கச்சி அதப் போயிப் பெருசா எடுத்துக்கிருச்சு. நமக்குள்ள எதுக்கு மாப்ள போட்டி? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுவிட்ருங்க.”

செல்வி காப்பியை வைத்தாள். “கொழாயப் போட்டுக் குடுத்துருங்கண்ணே. இப்பவே வந்து கையெழுத்துப் போட்டுர்றேன்.”

மச்சான் காப்பியை முழுதாகக் குடித்து முடித்தார். கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. எழுந்து வாசல் வரை போய், அங்கே நின்ற செல்வியின் ஸ்கூட்டியைப் பார்த்தார். சீட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

“வாய்க்காக் கரை ரோடு ரொம்ப மோசமாக் கெடக்கு மாப்ள. தங்கச்சிய வண்டில பாத்துப் போகச் சொல்லுங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அதைவிட என்னை உலுக்கியது மீனா கேட்டதுதான். வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், செருப்பை மாட்டும்போது என்னிடம் திரும்பி, “அண்ணே, இந்தக் கேட்ட ராத்திரில பூட்டுவீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

“இல்லம்மா... தாப்பாள்தான்” என்று உளறினேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். புருஷன் வண்டியைப் பார்த்துவிட்டான், பெண்டாட்டி கேட்டைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு ஆட்டுக்கல்லை உருட்டிக் கேட்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன். விடிந்தால் அந்தப் பொருள் தொங்குகிறது. நீங்களாக இருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்க மாட்டீர்களா?

அடையாளம் தெரியாத வாகனம்

என் பயத்துக்கு இன்னொரு காரணம் என் பிழைப்பு.

நான் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீஸ் தல்லாகுளத்தில். எங்களிடம் வருவதில் பெரும்பாலும் சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்குகள். கட்டுக் கட்டாக விபத்துகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தவன் நான். அந்தக் கட்டுகளில் அடிக்கடி வருகிற ஒரு வாசகம், ‘அடையாளம் தெரியாத வாகனம்’.

வெகு காலத்துக்கு முன்பு கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய புருஷன் கடலை விவசாயி. ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றவர். ஓட்டுப்பதிவுக்கு முன்பே, ஒரு சாயங்காலம் பெரிய ரோட்டில் பைக்கில் வரும்போது அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். அடித்தது அடையாளம் தெரியாத வாகனம்.

அது வெறும் விபத்தாகவே இருக்கலாம். அந்த ரோட்டில் யார் யாரோ அடிபடுகிறார்கள். அந்தப் பெண்ணும் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். இலைக்கு வெளியே சுற்றியிருந்த காகிதம் அவருடைய தேர்தல் நோட்டீஸ். மிச்சம் நிறைய இருந்திருக்கும். அதில் அவர் முழுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பிட்டு முடித்து, எண்ணெய் பட்ட அந்த முகத்தைக் கசக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

செல்வி நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்த அன்று நான் அதில் அவளுடைய போட்டோ வேண்டாம் என்று சண்டை போட்டேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மூன்று மணி

வாபஸ் நாளில் நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் தையல் கடையில் போய் உட்கார்ந்தேன்.

கடைக்கு எதிரே ஒரு பைக். அதன்மேல் ஹெல்மெட் போட்ட ஒருவன். இன்ஜினை அணைக்காமல், எங்கும் போகாமல், நின்றுகொண்டே இருந்தான். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் இறங்கியது.

“செல்வி, வேண்டாம்மா” என்றேன். “வா, போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம். தண்ணிக்கு வேற வழி பாப்போம். மனுக் குடுப்போம். கலெக்டர்ட்ட போவோம்.”

“எத்தன மனு நீங்களே எழுதிக் குடுத்தீங்க?” என்றாள். கொடியிலிருந்து மீனாவின் மாம்பழ நிறத் துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். “பயமாத்தான் இருக்குங்க. எனக்குப் பயமில்லன்னா நெனைக்கிறீங்க? காலப் பாருங்க.”

பார்த்தேன். மெஷினை மிதிக்காதபோதும் அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடம் கூட வாழ்ந்தவளின் கால் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

“அப்பறம் ஏன்?” என்று மட்டும் கேட்டேன்.

“கடையில அம்புட்டுப் பொம்பளைக முன்னால வச்சுச் சொன்னாருங்க, நீயே செயிச்சுப் போட்டுக்கன்னு. எல்லாரும் சிரிச்சாளுக. காலனிக்காரி ஒருத்தி கொடத்தோட வாசல்ல நின்னா. அவளுஞ் சிரிச்சா. வேற என்ன செய்வா? அவ சிரிச்சதத்தான் என்னால தாங்க முடியல.”

மெஷினை மிதித்தாள். கை தைத்தாள், கழுத்துக்குப் பட்டி தைத்தாள், கொக்கி வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டியது. எதிரே பைக்காரன் போனில் இரண்டு வார்த்தை பேசினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சத்தம் நின்றதும் தெரு பயங்கர அமைதியாகிவிட்டது.

உடனே என் போன் அடித்தது. ராசு மச்சான்.

“சரி மாப்ள” என்றார். வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தச் ‘சரி’யைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி படுத்துக்கிடந்தேன்.

சின்னம் சீப்பு

சாயங்காலம் சின்னம் ஒதுக்கினார்கள். செல்விக்குச் சீப்பு. என் தலையில் முடி உதிர்ந்து வெகு காலமாகிறது. “மாமா, நீங்க மட்டும் பிரச்சாரத்துக்கு வராதீக, சின்னம் எடுபடாது” என்று தெருப் பையன்கள் கேலி செய்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மேளம் இல்லை, மைக் இல்லை. செல்வி கையில் ஒரு மரச் சீப்பை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எங்கள் தெருவில் அவள் வருவது தெரிந்தால் டி.வி. சத்தம் குறையும். உள்ளே ஆள் இருக்கும், கதவு திறக்காது. செல்விக்குச் சிறு வயதிலிருந்து பழக்கமான டீக்கடைக்காரர்கூட என்னைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கடை நின்றது மச்சானின் இடத்தில்.

காலனியில் கதவு திறந்தது. ஆனால் அங்கேயும் யாரும் உரக்கப் பேசவில்லை. ஒரு வயதான அம்மாள் மட்டும் செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்: “நாங்க வாயத் தொறக்க மாட்டோம் தாயி. தொறந்தா நாளைக்கு வேலைக்குப் போக முடியாது. ஆனா வெரலு இருக்குல்ல.”

நான் ஸ்கூட்டியின் பின்சீட்டை விட்டு இறங்கவில்லை. என் பருத்த உடம்பு பின்னால் இருந்தால் அவளுக்கு ஏதோ பாதுகாப்பு என்று ஒரு எண்ணம். பாரம் தாங்காமல் வண்டி திணறியது. “உங்களாலயே விழுந்துருவேன் போலருக்கு” என்றாள்.

ஒரு மத்தியானம் வாய்க்கால் கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு வெள்ளைக் கார். முன்னால் நம்பர் பிளேட் இல்லை. நாங்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. ஒருபக்கம் வாய்க்கால், ஒருபக்கம் நெல் அறுத்த வயல். ஆள் நடமாட்டம் இல்லை.

“நிறுத்து செல்வி.”

நிறுத்தினாள். அதுவும் கொஞ்சதூரத்தில் நின்றது. கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. எனக்குக் கொட்டாம்பட்டிப் பெண்ணின் சாப்பாட்டுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. வண்டியை விட்டு இறங்கி, காருக்கும் செல்விக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். கால் தானாகப் போனது. இங்கேயே ஆடையை அசிங்கப்படுத்திக்கொண்டுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன்.

எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. கார் எங்களை உரசுகிற மாதிரி தாண்டி, புழுதி கிளப்பிவிட்டுப் போனது. டிராக்டர்காரர் எதுவும் தெரியாமல், “என்னண்ணே, பெட்ரோல் தீந்துருச்சா?” என்று கேட்டார். செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள்.

போலீசுக்குப் போகவில்லை. என்ன சொல்வது? ஒரு கார் எங்களுக்குப் பின்னால் வந்தது என்றா?

ஓட்டுப்பதிவு நாளில் நான்தான் அவளுடைய பூத் ஏஜெண்ட். இரண்டு பெரிய கட்சி ஏஜெண்டுகளுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மச்சானின் ஆள் அன்பாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மூடி திறந்திருந்தது. நல்ல தாகம். சாயங்காலம் வரை ஒரு மடக்குக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் அவன் தானே அதை எடுத்துக் குடித்துவிட்டு, “ஒங்களுக்கு என்னைய அம்புட்டுக்குமா பயம் மாமா?” என்றான். பாவம், நல்ல பையன்தான்.

மரத்தடிக் குழாயில்

எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது.

எங்கள் வார்டு முறை வந்து, மெஷினைத் திறந்து, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. செல்வி ஜெயித்துவிட்டாள். மிகச் சொற்ப வித்தியாசம். எங்கள் தெருவிலிருந்தும் யாரோ போட்டிருக்கிறார்கள், காலனி ஓட்டு மட்டும் போதாது. டி.வி. சத்தத்தைக் குறைத்தவர்களில் யார் யாரோ. இன்றுவரை ஒருவரும் நான்தான் போட்டேன் என்று சொன்னதில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனிமேல்தான் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

வெளியே வேப்பமரத்தடியில் குழாய் இருந்தது. செல்வி முகம் கழுவப் போனாள். நான் பக்கத்தில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே மீனா வந்தாள். கழுத்தில் கட்சித் துண்டு அப்படியே கிடந்தது. குனிந்து தண்ணீர் பிடிக்கிற மாதிரி நின்று, நிமிராமலேயே பேசினாள்.

“அக்கா, வாசல்ல கட்டுனத ஏங்க்கா அவுத்துட்டீங்க?”

செல்விக்குப் புரியவில்லை. “எத மீனா?”

“ஆகாசக் கருடன் கெழங்கு. நாட்டு மருந்துக் கடையில வாங்கி, மஞ்சக் குங்குமம் வச்சு, கோயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு விடியுறதுக்கு முன்னாடி வந்து கட்டுனேன். வாசல்ல அது தொங்குனா எந்தக் கெட்டதும் அண்டாதுன்னு எங்க உசிலம்பட்டிப் பக்கம் எல்லாரும் கட்டுவாக. மத்தியானம் அந்த வழியா வாரேன், காணோம். அன்னையிலருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா.”

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காக்கா எச்சம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“நான்தாம்மா...” என்றேன். “செய்வினைன்னு நெனச்சு வாய்க்கால்ல போட்டேன்.”

மீனா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் இருந்தது.

ராத்திரி கேட்டைப் பூட்டுவீர்களா என்று அவள் ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே வந்து வாசல் நிலையில் கட்டத்தான்; ஆட்டுக்கல் மறித்ததால் கேட்டிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

“நீ ஏம்மா எங்களுக்கு வந்து கட்டுன?” என்று கேட்டாள் செல்வி.

“வீட்ல ஆம்பளைக பேசுனத நான் கேட்டேன்ல.”

“என்ன பேசுனாக?”

மீனா குழாயை மூடினாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. “மீனா!” என்று ராசு மச்சானின் குரல் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. அவள் தோள் இரண்டும் ஒரு கணம் மேலே ஏறி நின்றன. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். காரின் பின்கதவு திறந்தது, அவள் ஏறினாள், கதவு சாத்திக்கொண்டது. அது வெள்ளைக் கார். நம்பர் பிளேட் ஒழுங்காக இருந்தது.

இத்தனை நாளும் நான் எங்களுக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் காருக்குள், தோற்றுப்போனவரின் பக்கத்தில், தோற்றுப்போன வேட்பாளராக உட்கார்ந்து வீட்டுக்குப் போகிறவளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை.

ஜாக்கெட் கொடுக்கப் போனோம்

மறுநாள் காலையில் செல்வி நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். மாம்பழ நிற ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

“வாங்க, கெளம்புங்க.”

“எங்க?”

“மீனா வீட்டுக்கு. தச்சு முடிச்சாச்சுல்ல, குடுக்க வேணாமா?”

என்னால் முடியாது என்றேன். உடம்பு சரியில்லை என்றேன். அவள் ஸ்கூட்டியைக் கிளப்பியதும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ராசு மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கட்சிக்காரர்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. செல்வி வண்டியை நிறுத்தி நேராக அவர் முன்னால் போனாள்.

“அண்ணே, மீனா ஜாக்கெட்டு.”

அவர் பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “அடியில என்னமோ கனமா இருக்கு?”

செல்வி கிழங்கை எடுத்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்தது.

“ஆகாசக் கருடன்ணே. ஒங்க வாசலுக்கு. எலக்சன் நேரத்துல எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கும்? நல்லதுக்குத்தாண்ணே.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு நல்லது என்று ஒருத்தி மஞ்சள் குங்குமத்தோடு கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பார்? வேண்டாம் என்றால் அவருக்கே உள்ளே உறுத்தும். தாம்பாளத்தோடு வந்து எங்களை மடக்கப் பார்த்தவரை, இவள் அதே முறையில் மடக்கிவிட்டாள். கிழங்கைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு நாற்காலி மேல் ஏறி, தன் கையாலேயே வாசல் நிலைக்கு மேலே ஆணியில் கட்டினார்.

மீனா கதவோரம் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துக் கன்னத்தை மூடியிருந்தாள். ஏன் மூடியிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

செல்வி அவளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “மீனா, ரோட்லருந்து பாத்தாலே நல்லாத் தெரியுது. தெனமும் இந்த வழியாத்தான் போவேன், வருவேன். சரியில்லன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா அவுத்துரு. காணோம்னா நான் அந்த நிமிசமே வந்துருவேன். என்ன?”

“சரிக்கா” என்றாள் மீனா.

மச்சான் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

குழாய் காலனிக்குப் போய்ச் சேர வெகு நாள் பிடித்தது. சண்டை போட்டு, மனுக் கொடுத்து, ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, கடைசியில் வந்தது. இப்போது யாரும் எங்களைப் பயமுறுத்துவதில்லை. டீக்கடைக்காரர் பேசுகிறார். செல்வி இரண்டு கட்சி மகளிர் அணிக்கும் ஜாக்கெட் தைக்கிறாள்.

அந்தக் கிழங்குக்கு மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காற்றிலேயே தளிர் விட்டு, கொடி மச்சான் வீட்டு நிலையைச் சுற்றி ஓடிவிட்டது. தல்லாகுளத்துக்குப் பஸ் பிடிக்கத் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். தெருமுனை திரும்பும்போது எனக்கு இன்றும் வாய் உலர்ந்துவிடுகிறது. முதலில் நிலையைப் பார்ப்பேன். தொங்குகிறது என்று செல்விக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.